பட்டியலிலிருந்து வரைபடம்: ஆண்–பெண் விகிதத்தை முன்னிட்டு ஒரு விளக்கம்

ஆயிரம் ஆண்களுக்கு எத்தனை பெண்கள் உள்ளனர் என்னும் எண்ணிக்கையே ஜனத்தொகைக் கணக்கெடுப்பில் ஆண்–பெண் விகிதம் எனப்படுகிறது. இவ்விகிதம் அகில இந்தியாவிலும் 1991-இல் 927 ஆகவும், 2001-இல் 933 ஆகவும், 2011-இல் 943 ஆகவும் இருந்தது. இதனை மட்டும் காண்பவர் நிலைமை சீரடைந்து வருவதாகவே கருதுவர். ஆனால் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளை மட்டும் தனியே கணக்கிட்டால், அதே ஆண்டுகளுக்குரிய எண்கள் முறையே 945, 927, 919 ஆகும். பெண்களின் ஆயுட்காலம் நீண்டு வந்தமையால் முதல் விகிதம் உயர்ந்தது. கருவிலேயே பால் அறிந்து பெண் மகவைத் தவிர்க்கும் கொடுமை பரவியமையால் இரண்டாவது தாழ்ந்தது. இக்கொடுமையைத் தடுக்கும் பொருட்டே 1994-ஆம் ஆண்டின் சட்டம் இயற்றப்பட்டது.

இவ்விரு போக்குகளையும் கிராம சபையிலோ வகுப்பறையிலோ எடுத்துக்காட்ட விரும்பும் ஊழியர், கணினியிலுள்ள விரிதாளைக் கொண்டு வரைபடம் அமைத்துக் கொள்ளலாம். முதல் நெடுவரிசையில் ஆண்டு, இரண்டாவதில் மொத்த விகிதம், மூன்றாவதில் குழந்தைகள் விகிதம் என எண்களை இடுக. கட்டத்தினுள் எண் மட்டுமே இருத்தல் வேண்டும். "945 பேர்" என்று எழுதிவிட்டால் விரிதாள் அதனை எண்ணாகக் கொள்ளாது, சொல்லாகவே கொள்ளும். படத்தில் அவ்விடம் பிழையாகிவிடும். தலைப்புகளுடன் பட்டியல் முழுவதையும் தேர்ந்தெடுத்துச் செருகுதல் பகுதியில் வரைபடத்தைத் தெரிவு செய்தால் படம் தோன்றும். அப்போது ஆண்டுகளும் எண்களாகவே இருத்தலால், 1991, 2001 என்பனவும் ஒரு தனிக் கோடாக மேலே வரையப்பட்டிருப்பதைக் கண்டு பலர் திகைப்பதுண்டு. ஆண்டு நெடுவரிசையின் தலைப்புக் கட்டத்தைக் காலியாக விட்டு மீண்டும் வரைந்தால் பெரும்பாலும் இது நீங்கும். நீங்காவிடில், ஆண்டுகளைக் கிடை அச்சின் பெயர்களாக நாமே குறிப்பிடலாம்.

இனி, எவ்வகைப் படம் என்பதே முக்கியமான கேள்வி. வட்டப் படம் இங்குப் பயன்படாது. அது ஒரு முழுமையின் பங்குகளைக் காட்டுவதற்குரியது. பட்டைப் படத்திலோ வேறொரு சிக்கல் உண்டு. குழந்தைகள் விகிதம் 1961-இல் 976 ஆக இருந்தது. ஆயிரத்திற்குப் பத்து சென்டிமீட்டர் என்று கொண்டால், 1961-இன் பட்டை 9.76 சென்டிமீட்டரும் 2011-இன் பட்டை 9.19 சென்டிமீட்டரும் உயரும். அரை சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமான இவ்வேற்றுமை சபையின் பின்வரிசையில் அமர்ந்திருப்பவருக்குப் புலப்படாது. இதற்குப் பரிகாரமாக அச்சினை 900-லிருந்து தொடங்குவோமாயின், முதற்பட்டை 76 அளவும் கடைசிப் பட்டை 19 அளவும் உயர்ந்து, விகிதம் நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டதாகத் தோன்றும். உண்மையான குறைவு நூற்றுக்கு ஆறுக்கும் சற்றுக் குறைவே. பட்டையின் நீளத்தையே கண் அளக்கிறது. ஆதலால் பட்டைகள் பூஜ்யத்திலிருந்தே எழ வேண்டும். சில விரிதாள்கள் பூஜ்யத்தை விட்டுத் தாமாகவே வேறோர் எண்ணிலிருந்து அச்சினைத் தொடங்கிவிடும். இது கவனிக்கத்தக்கது.

கோட்டுப் படத்தில் கண் நோக்குவது சாய்வினையே. எனவே அதன் அச்சு 900-லிருந்து 1000 வரை இருக்கலாம். அவ்வாறு இருப்பதைப் படத்திலேயே எழுதிவிட வேண்டும். இரு விகிதங்களையும் ஒரே அச்சில் இரு கோடுகளாக வரைந்தால், 1991-க்கும் 2001-க்கும் இடையே அவை ஒன்றையொன்று வெட்டிச் செல்வதைக் காணலாம். பட்டியலைப் பலமுறை படித்தவருக்கும் புலப்படாத இச்செய்தியைப் படம் உடனே கூறிவிடுகிறது. இடப்புறம் ஓர் அச்சு, வலப்புறம் மற்றோர் அச்சு என இரண்டு அமைக்கும் வசதியும் விரிதாளில் உண்டு. அதனை இங்கு நாடலாகாது. கோடுகள் வெட்டுமிடம் வரைபவரின் விருப்பப்படி நகர்ந்துவிடும்.

இடைவெளி பற்றியும் ஒன்று கூற வேண்டும். 2011 வரை பத்தாண்டுகளுக்கு ஒருமுறை கணக்கெடுப்பு நடைபெற்றது. 2021-இல் நடைபெற வேண்டியது நடைபெறவில்லை. அடுத்ததற்கு 2027 மார்ச் 1 ஆதாரத் தேதியாக 2025-இல் அறிவிக்கப்பட்டது. சாதாரணக் கோட்டுப் படம் ஆண்டுகளை வெறும் பெயர்களாகக் கொண்டு, பதினாறு ஆண்டு இடைவெளியையும் பத்தாண்டு இடைவெளியைப் போன்றே வரைந்துவிடும். அவ்வெண்ணைச் சேர்க்கும்போது சிதறல் படத்தைத் தேர்ந்து புள்ளிகளைக் கோட்டால் இணைத்தல் நலம்.

2011-ஆம் ஆண்டுக் குழந்தைகள் விகிதம் முதலில் தற்காலிகக் கணக்காக 914 என வெளியிடப்பட்டுப் பின்னரே 919 ஆயிற்று. ஆகவே எக்கணக்கு என்பதையும், எந்த வயதினர் என்பதையும் படத்தின் அடியில் குறிப்பது அவசியம். நகலெடுக்கும்போது வண்ணங்கள் மறைந்துவிடுமாதலால், ஒரு கோட்டினை முழுக் கோடாகவும் மற்றதனைப் புள்ளிக் கோடாகவும் அமைத்து, அவற்றின் பெயர்களைக் கோடுகளின் முனையிலேயே எழுதுக.