கணிப்பொறித் திரையின் ஒப்பனை

'ஆள் பாதி, ஆடை பாதி' என்பார்கள். கணிப்பொறிக்கும் இது பொருந்தும் போலும்! புதிய மடிக்கணினி ஒன்று கைக்கு வந்தவுடன் நம்மில் பலர் முதலில் செய்வது, திரையில் உள்ள படத்தை மாற்றுவதுதான். இதில் தவறேதும் இல்லை. நாள்தோறும் மணிக்கணக்கில் பார்க்கும் திரை கண்ணுக்கு இனிதாக இருக்க வேண்டும் என விரும்புவது இயல்பே. ஆனால் ஆடையை மாற்றுவது வேறு, எலும்பை மாற்றுவது வேறு. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள எல்லை எது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

'டெஸ்க்டாப்' என்ற சொல்லுக்கு மேசையின் மேற்பரப்பு என்பது பொருள். அமெரிக்காவின் ஜெராக்ஸ் நிறுவனம் 1981-ஆம் ஆண்டு விற்பனைக்குக் கொண்டுவந்த 'ஸ்டார்' என்னும் கணிப்பொறியில் தாள், கோப்புறை முதலியவற்றின் சிறு படங்கள் திரையில் இடம்பெற்றன. அலுவலக மேசையே திரைக்கு வந்துவிட்டது எனலாம். 1984-இல் ஆப்பிள் நிறுவனத்தின் மெக்கின்டாஷ் இம்முறையைப் பலரும் அறியச் செய்தது. தம் மேசையைத் தம் விருப்பப்படி அடுக்கிக்கொள்வது போலவே திரையையும் அழகுசெய்யும் வழக்கம் பின்னர் வளர்ந்தது. அந்த ஒப்பனையை மூன்று படிகளாகப் பிரித்துக் காண்போம்.

முதற்படி: படமும் நிறமும்

விண்டோஸ் கணிப்பொறியில் திரையின் வெற்றிடத்தில் மவுஸின் வலப் பொத்தானை அழுத்தினால் வரும் பட்டியலில் 'பெர்சனலைஸ்' என்னும் பகுதி இருக்கும். பின்புலப் படம், நிறம், கருமைத் தோற்றம் ஆகியவற்றை அங்கே மாற்றலாம். எழுத்தின் அளவை மாற்றவும் அமைப்புகளிலேயே வழி உண்டு. இவை யாவும் கணிப்பொறியே நமக்கு விட்டுக்கொடுத்த உரிமைகள். பிடிக்கவில்லையென்றால் அதே இடத்தில் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம். நம்முடைய ஒளிப்படத்தையே பின்புலமாக வைத்துக்கொண்டால் வெளியிலிருந்து எதையும் இறக்கவேண்டிய தேவையும் இல்லை.

இரண்டாம் படி: படம் போல வரும் நிரல்

இங்குதான் எச்சரிக்கை தேவைப்படுகிறது. ஜேபிஜி என முடியும் கோப்பு, காட்சிக்குரிய படம். எஸ்சிஆர் என முடியும் திரைக்காப்புக் கோப்போ, விண்டோஸில் இயங்கக்கூடிய முழுமையான நிரல். ஈஎக்ஸ்ஈ கோப்பு எதையெல்லாம் செய்யுமோ, அதையெல்லாம் இதுவும் செய்யும். மேலும், கோப்பின் பெயரில் உள்ள கடைசிப் பகுதியை விண்டோஸ் வழக்கமாக மறைத்தே காட்டுகிறது. ஆகவே, 'மலர்.ஜேபிஜி.எஸ்சிஆர்' என்ற கோப்பு 'மலர்.ஜேபிஜி' என்று மட்டுமே கண்ணுக்குத் தெரியும். மலரென்று நினைத்துத் தொடுபவர் உண்மையில் ஒரு நிரலை இயக்குகிறார். கோப்பு உலாவியின் 'வியூ' பகுதியில் பெயரை முழுமையாகக் காட்டும்படி அமைத்துக்கொள்வது முதற் பாதுகாப்பு.

மூன்றாம் படி: உறுப்பு மாற்றம்

2001-இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பியில் சாளரங்களின் தோற்றத்தைக் கவனித்துக்கொள்ள 'யுஎக்ஸ்தீம்' என்ற கோப்பு அமைந்தது. மைக்ரோசாஃப்டின் மின்னணுக் கையொப்பம் உள்ள தோற்றங்களை மட்டுமே அது ஏற்கும். பிறர் உருவாக்கிய தோற்றங்களை விரும்பியவர்கள் அந்தக் கோப்பையே திருத்தி, சோதனையைச் செயலிழக்கச் செய்தார்கள். இது வாயிற்காவலனை மயக்கமருந்து கொடுத்துத் தூங்கவைப்பது போன்றது. திருத்துவதற்கு வரும் கருவிக்கு நிர்வாகி அதிகாரம் முழுவதையும் தந்தாக வேண்டும். பின்னர் விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும்போது, புதிய பகுதிகளோடு திருத்திய பகுதி பொருந்தாமற் போகலாம். அப்போது முகப்பே தோன்றாமல் கருந்திரை மட்டும் எஞ்சவும் கூடும்.

2024-இல் நடந்தது

லினக்ஸ் கணிப்பொறிகளில் பயன்படும் கே.டி.ஈ. என்னும் முகப்பு 1996-இல் தொடங்கப்பட்டது. தோற்றத்தை எவ்வளவு வேண்டுமானாலும் மாற்றலாம் என்பதே அதன் பெருமை. 2024 மார்ச்சில் ஒரு பயனர், அம்முகப்பின் பண்டகசாலையிலிருந்தே முழுத் தோற்றத் தொகுப்பு ஒன்றை நிறுவினார். அவருடைய கோப்புகள் அழிந்தன. தொகுப்பைச் செய்தவரிடம் தீய நோக்கம் இல்லை. அதிலிருந்த நிரலில் நேர்ந்த பிழையே காரணம்.

அழகுக்கான தொகுப்பில் நிரலுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். முழுத் தோற்றம் என்பது நிறம் மட்டுமன்று. கடிகாரம், பட்டைகள் போன்ற இயங்கும் பொருள்களும் அதில் சேர்ந்து வருகின்றன. இயங்குவது எதுவாயினும் அது நிரலே. நமக்கு எக்கோப்பை அழிக்கும் உரிமை உண்டோ, நம் பெயரில் இயங்கும் நிரலுக்கும் அதே உரிமை உண்டு.

செய்யவேண்டுவன

ஒன்று: முக்கியமான கோப்புகளைப் பென் டிரைவில் படியெடுத்து, அதைக் கழற்றி வைத்துவிடுக. செருகியிருந்தால் அழிவு அதற்கும் பரவலாம்.

இரண்டு: விண்டோஸில் 'ரெஸ்டோர் பாயிண்ட்' ஒன்றை உருவாக்குக. இது கணிப்பொறியின் அமைப்பை மீட்குமேயன்றி, நம் கட்டுரைகளையும் படங்களையும் மீட்காது. ஆதலால் இது முதல் விதிக்கு மாற்றாகாது.

மூன்று: நிர்வாகி அதிகாரமற்ற தனிக் கணக்கு ஒன்றில் முதலில் சோதித்துப் பார்க்க. ஒப்பனைக்காக வந்த கோப்பு நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்டால், அங்கேயே நிறுத்துக.

நான்கு: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, பழைய நிலையைத் தாளில் குறித்துக்கொள்க. ஆய்வகத்தில் ஒரே சோதனையில் இரண்டு அளவுகளை ஒருசேர மாற்றினால் விளைவு எதனால் வந்தது என்று சொல்ல முடியாது. இங்கும் அப்படியே.

இவ்வளவு முன்னெச்சரிக்கை எதற்கு என்று சிலர் நகைக்கலாம். வீட்டில் கணிப்பொறி அறிந்த அண்ணனோ அக்காளோ இருப்பவர்க்குப் பழுது என்பது ஒரு மாலை நேர வேலை. எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். என்னைப் போன்றோர் இக்கல்லூரியில் பலர். எங்களுக்குக் கணிப்பொறி முடங்கினால் பழுதுபார்ப்பவரிடம்தான் போகவேண்டும். அதற்குக் கூலியும் வேண்டும். சான்றிதழ்ப் படிகளும் உதவித்தொகை விண்ணப்பமும் செய்முறைக் குறிப்புகளும் அந்த ஒரே பெட்டியில்தான் இருக்கின்றன.

ஆகவே நண்பர்களே, முதற்படியில் விரும்பியவாறு விளையாடுங்கள். இரண்டாம் படியில் விசாரித்த பின் கால் வையுங்கள். மூன்றாம் படிக்கு ஏற வேண்டாம். கல்லூரி ஆய்வகத்துக் கணிப்பொறியிலோ முதற்படியையும் தொடாதீர்கள். நாம் எழுந்தபின் அவ்விருக்கையில் அமர இன்னொரு மாணவர் காத்திருக்கிறார்.