வயதான போர்க்கப்பல் எப்படிப் பயிற்சிக்கூடம் ஆகிறது?

சண்டைக்கு உதவாத கப்பலை உடைத்துப் பழைய இரும்புக்குப் போடாமல் ஏன் வைத்துக்கொள்கிறார்கள்? டிரைவிங் ஸ்கூல் காரைப் பாருங்கள். வண்டி பழையதுதான்; ஆனால் பழகுபவருக்காக ஒரு பிரேக் கூடுதலாக இருக்கும்.

1912-ல் பணியில் சேர்ந்த அமெரிக்காவின் ‘வயோமிங்’ அப்படித்தான். போர்க்கப்பல்களைக் குறைக்க நாடுகள் செய்துகொண்ட 1930 லண்டன் ஒப்பந்தத்தின்படி பக்கவாட்டுக் கவசத்தையும், ஆறு பீரங்கிக் கோபுரங்களில் மூன்றையும் கழற்றிப் பயிற்சிக் கப்பலாக்கினார்கள்.

பிறகு விமானங்களின் காலம் வந்தது. என்ன செய்தார்கள் தெரியுமா? 1944-ல் மிச்சமிருந்த பெரிய பீரங்கிகளும் போயின. அந்த இடத்தில் வானை நோக்கிச் சுடும் 5 அங்குலப் பீரங்கிகள் வந்தன. பல ரக ஆயுதங்கள் ஒரே கப்பலில்! எந்தக் கப்பலுக்குப் போகவேண்டியவரும் இங்கேயே கைபழகலாம்.

விமானம் ஒன்று துணி இலக்கை நீண்ட கயிற்றில் இழுத்துப் பறக்கும். ஆடும் தளத்தில் நின்றபடி அதைச் சுட வேண்டும். கரையில் கிடைக்குமா இந்தப் பாடம்? இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சுமார் 35,000 பேர் இந்தக் கப்பலில் சுடக் கற்றார்கள்.