நடுவழியில் வாகனம் நின்றுவிட்டால்...

வீதியோரத்தில் பழுதடைந்து நிற்கும் வாகனத்தை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பொனட் திறந்திருக்கும். சாரதியும் குடும்பத்து ஆண்கள் இருவர் மூவரும் அதற்குள் தலையை விட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வழியால் போன ஆட்டோக்காரர் தன் பங்குக்கு ஓர் ஆலோசனை சொல்லிவிட்டுப் போவார். பெண்கள் கைக்குழந்தையோடு வாகனத்தின் பின்புறம், வரும் வாகனங்களுக்கு முதுகைக் காட்டியபடி நிற்பார்கள். சிறுவர்களுக்கோ இது எதிர்பாராமல் கிடைத்த விளையாட்டு நேரம். வீதிக்கும் வடிகானுக்கும் இடையே ஓடிக்கொண்டிருப்பார்கள். எஞ்சினுக்கு என்ன நேர்ந்தது என்பதே அங்கு எல்லோருடைய கவலையும். ஆனால் எஞ்சின் எங்கும் ஓடிப்போய்விடாது. அந்த நேரத்தில் உண்மையான ஆபத்தில் நிற்பவர்கள், பின்னால் நிற்கும் அந்தத் தாயும் பிள்ளைகளும்தான்.

காரணத்தைக் கணக்காகவே பார்க்கலாம். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வரும் வாகனம் ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீற்றர் தூரத்தைக் கடந்துவிடுகிறது. சாரதி தடையைக் கண்டு, காலைத் தூக்கி பிரேக்கில் வைத்து, வாகனம் முழுமையாக நிற்பதற்கு உலர்ந்த வீதியிலேயே 40 முதல் 50 மீற்றர் வரை தேவைப்படும். மழையென்றால் இன்னும் கூடும். அப்படியானால் நாம் நிற்பது அவருக்கு அந்தத் தூரத்துக்கு முன்பே தெரிந்தாக வேண்டும். இரவில், தாழ்த்திய முன்விளக்கின் வெளிச்சத்தில், இருண்ட நிற உடை அணிந்த ஒருவர் பெரும்பாலும் 30 மீற்றருக்குள் வந்த பின்னர்தான் கண்ணுக்குப் படுவார்.

இங்கே நமது சகோதரிகளுக்கு ஒரு விடயத்தை வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தெருவிளக்கு இல்லாத வீதியில் கறுப்பு அபாயாவும் கறுப்பு ஹிஜாபும் அணிந்து நிற்பவர், வருகின்ற லொறிக்காரருக்கு இருளின் ஒரு பகுதியாகவே தெரிவார். ஆடையை மாற்றுமாறு நான் கூறவில்லை. ஒளியைத் திருப்பித் தெறிக்கும் பட்டிகள் பிடித்த மஞ்சள் ஜெக்கட் ஒன்று பெரிய விலையல்ல. வீதி வேலை செய்பவர்கள் அணிகிறார்களே, அதுதான். அபாயாவுக்கு மேலால் அதைப் போட்டுக்கொண்டால் நூறு மீற்றருக்கும் அப்பாலிருந்தே தெரியும். குடும்பத்துக்கு இரண்டு வாங்கி வாகனத்தில் போட்டுவிடுங்கள். அது கையில் இல்லாவிட்டால் பயணப் பையிலிருக்கும் வெள்ளைத் தொழுகை உடையை எடுத்து அணிந்துகொள்ளலாம். அதற்கு ஒளி தெறிக்கும் தன்மை இல்லையென்றாலும் கறுப்பை விட எவ்வளவோ மேல்.

எங்கே நிற்பது?

வாகனம் முரண்டு பிடிக்கத் தொடங்கியதும் உடனே நிறுத்திவிடாமல், உருளும் வேகம் இருக்கும்போதே இடது ஓரத்துக்கு, முடிந்தால் வளைவைத் தாண்டி நேரான இடத்துக்குக் கொண்டுசெல்லப் பாருங்கள். டயர் காற்றுப் போயிருந்தாலும் மெதுவாக ஐம்பது மீற்றர் உருட்டலாம். டயர் பாழாகும், உயிர் மிஞ்சும். ஹஸார்ட் விளக்கைப் போடுங்கள். (மழை பெய்தால் ஹஸார்ட், சந்தியில் நேரே போவதற்கும் ஹஸார்ட் என்று ஓடும் நம்மவர்களின் பழக்கத்தால் அந்த விளக்கின் அர்த்தமே பாதி தேய்ந்துவிட்டது. ஆகவே அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.) பின்னர் வீதிப் பக்கக் கதவைத் திறக்காமல் எல்லோரும் இடது பக்கத்தால் இறங்க வேண்டும்.

இறங்கியவர்கள் வாகனத்துக்குப் பின்னாலும் நிற்கக் கூடாது, முன்னாலும் நிற்கக் கூடாது. பின்னால் வந்து மோதும் வாகனம் நமது வாகனத்தையே முன்னே தள்ளிவிடும். போக்குவரத்து வருகின்ற திசையில் சில மீற்றர் நடந்து, வீதியை விட்டு நன்றாக விலகிய இடத்தில் நிற்பதே பாதுகாப்பு.

வெளிநாட்டு நூல்கள் இந்த அளவோடு நிறுத்திக்கொள்ளும். நமது வீதிகளுக்கு அது போதாது. கடுகண்ணாவை ஏற்றத்தில் ஒரு பக்கம் மலைச் சுவர், மறு பக்கம் பள்ளம். மழைக் காலத்தில் வெட்டப்பட்ட மண்மேட்டின் கீழ் குடும்பத்தை நிறுத்துவது இன்னொரு ஆபத்து. 2025 நவம்பரில் பஹல கடுகண்ணாவையில் மண்மேடு சரிந்து உயிர்கள் பலியானதை நாம் மறக்கவில்லை. அங்கெல்லாம் வாகனத்தோடு காத்திருக்காமல், ஒருவரை விட்டுவிட்டு ஏனையோரை அருகிலுள்ள கடை அல்லது வீட்டு முற்றத்துக்கு அனுப்பிவிட வேண்டும். கேட்டால் இடம் தராதவர்கள் நமது நாட்டில் குறைவு. இன, மத வேறுபாடு இதில் குறுக்கிடுவதில்லை.

காத்தான்குடி, ஓட்டமாவடிப் பக்கம் செல்பவர்கள் அறிந்த இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஹபரணைக்கும் மின்னேரியாவுக்கும் இடையிலும் வெலிக்கந்தைப் பக்கமும் பொழுது சாய்ந்தால் யானைகள் வீதிக்கு வரும். அங்கே பிள்ளைகளை இறக்கி காட்டோரத்தில் நிறுத்த முடியாது. வாகனத்தை இயன்றளவு ஓரம் தள்ளி, பின்விளக்குகளும் ஹஸார்டும் எரிய, சீட் பெல்ட்டைப் பூட்டி உள்ளேயே இருப்பதுதான் அவ்விடத்தில் குறைந்த தீங்கு. யானை கண்ணில் பட்டால் ஹோர்ன் அடிப்பதும் வெளிச்சத்தை அதன் முகத்தில் அடிப்பதும் அதை வம்புக்கு இழுப்பதாகும். சரியான தீர்வு, அந்தப் பாதையைப் பகலிலேயே கடந்துவிடும்படி பயணத்தைத் திட்டமிடுவதுதான்.

முக்கோணமும் மரக்கிளையும்

பழுதடைந்த லொறிக்குப் பின்னால் பச்சை மரக்கிளைகளை முறித்துப் போடுவது நமது சாரதிகளின் பழைய வழக்கம். பகலில் அது நல்ல அடையாளம்தான். இரவில் கிளை ஒளியைத் தெறிப்பதில்லை. அதற்காகவே சிவப்பு முக்கோணம் இருக்கிறது. பிரித்தானிய வீதி விதிக்கோவை, சாதாரண வீதியில் வாகனத்துக்கு 45 மீற்றராவது பின்னால் அதை வைக்கச் சொல்கிறது. ஐம்பது பெரிய எட்டுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம்மவர்கள் வாகனத்தின் வாலோடு ஒட்டியது போல் வைக்கிறார்கள். அதைக் கண்டு பிரேக் பிடிப்பவர் வாகனத்துக்குள்தான் வந்து நிற்பார். வளைவுக்கு அப்பால் நின்றுவிட்டீர்கள் என்றால் தூரத்தைக் கணக்கிட வேண்டாம். வளைவுக்கு முன்பே தெரியும்படி வையுங்கள். வைக்கப் போகிறவர் அதை நெஞ்சுக்கு முன்னால் பிடித்தபடி, வரும் வாகனங்களைப் பார்த்துக்கொண்டு ஓரமாக நடக்க வேண்டும்.

அதிவேக நெடுஞ்சாலையில் நிலை வேறு. அதே பிரித்தானிய விதிக்கோவை, மோட்டார்வேயில் முக்கோணம் வைக்கவே வேண்டாம் என்கிறது. 100 கி.மீ. வேகத்தில் வாகனங்கள் பாயும் ஓரத்தில் நடப்பதே பெரிய ஆபத்து. அங்கே இடது ஓரப் பாதையில் நிறுத்தி, எல்லோரையும் இரும்புத் தடுப்புக்கு அப்பால் அனுப்பிவிட்டு, 1969 என்ற நெடுஞ்சாலை அவசர இலக்கத்துக்கு அழைத்து, அருகிலுள்ள கிலோ மீற்றர் கல்லின் எண்ணைச் சொல்லுங்கள். காயம் ஏதும் இருந்தால் எந்த வீதியிலும் 1990 அம்பியூலன்ஸ் சேவை, பொலிஸுக்கு 119.

சக்கரத்துக்கு அடையாக வைத்த கல்லை, வேலை முடிந்ததும் வீதியிலேயே விட்டுவிட்டுப் போவது நம் நாட்டில் பரவிக் கிடக்கும் ஒரு கெட்ட வழக்கம். பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரர் இருளில் அந்தக் கல்லில்தான் ஏறுகிறார். பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்று என்ற ஹதீஸை மத்ரஸாவின் முதலாம் வருட மாணவனும் அறிவான். பிறர் போட்ட கல்லை அகற்றுவதற்கே இந்தச் சிறப்பு என்றால், நாமே போட்டுவிட்டுப் போகும் கல்லைப் பற்றி என்ன சொல்வது?

கையால் செய்யக்கூடியவை

டயர் மாற்றுவது பலருக்கும் தெரியும். இரண்டு மூன்று சொற்கள் போதும். ஜெக்கை மெதுவான மண்ணில் வைக்காதீர்கள். நட்டுகளை, சக்கரம் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்றுத் தளர்த்திக்கொள்ளுங்கள். கழற்றிய சக்கரத்தை வாகனத்தின் அடியில் படுக்க வைத்தால், ஜெக் வழுக்கினாலும் வாகனம் அதன் மேல்தான் விழும். வாகனம் ஜெக்கில் நிற்கும்போது எவரும் அடியில் நுழையக் கூடாது, உள்ளேயும் எவரும் இருக்கக் கூடாது. இப்போது வரும் ஜப்பானிய கார்கள் பலவற்றில் மேலதிக சக்கரமே இல்லை. பசை போத்தலும் சிறிய காற்றுப் பம்பும்தான். உங்கள் வாகனத்தில் எது இருக்கிறது என்று இன்றைக்கே டிக்கியைத் திறந்து பாருங்கள்.

ரேடியேட்டர் கொதித்தால் மூடியில் கையை வைக்காதீர்கள். உள்ளே நீர் அழுத்தத்தில் இருப்பதால் நூறு பாகைக்கும் மேலே சூடேறியும் நீராகவே நிற்கிறது. மூடி தளர்ந்த கணத்தில் ஆவியாகிச் சீறும். முகமும் கண்ணும் வெந்து ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் பலர். எஞ்சினை நிறுத்தி அரை மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டுக் குளிர்ந்த நீரை ஊற்றினால் எஞ்சினின் இரும்பு வெடிக்கக் கூடும்.

மலையிறக்கத்தில் பிரேக் தீய்ந்த வாடை வந்தால் அதுவே கடைசி எச்சரிக்கை. உடனே ஓரம் கட்டி ஆற விடுங்கள். பின்னர் தாழ்ந்த கியரில் இறங்குங்கள். ஹைபிரிட் கார்களில் ‘பி’ என்று ஒரு நிலை இருப்பது இதற்காகவே; பலர் அதைத் தொட்டதே இல்லை.

கட்டி இழுத்தல்

நமது நாட்டில் உதவி என்ற பெயரில் அதிக சேதம் நடப்பது இதில்தான். நல்ல மனதோடு ஒருவர் வானை நிறுத்துகிறார். தேங்காய் நார்க் கயிறோ சேலைத் துண்டோ கிடைக்கிறது. பம்பரில் ஒரு முடிச்சு, அவ்வளவுதான்.

முதலில், எந்த வாகனத்தை இழுக்கலாம் என்பதை அறிய வேண்டும். கையால் கியர் மாற்றும் பழைய வாகனத்தை நியூட்ரலில் வைத்து இழுக்கலாம். ஒட்டோ கியர் வாகனம் அப்படியல்ல. அதன் கியர் பெட்டிக்கு எண்ணெய் செலுத்தும் பம்பை எஞ்சின்தான் இயக்குகிறது. எஞ்சின் நின்றிருக்க சக்கரம் மட்டும் சுழன்றால் உள்ளே எண்ணெயின்றி உராய்ந்து பெட்டி நாசமாகும். நம் வீதிகளில் நிறைந்திருக்கும் அக்குவா, பிரியஸ் போன்ற ஹைபிரிட் கார்களில், முன்சக்கரம் சுழலும்போது அதோடு இணைந்த மோட்டாரும் சுழன்று மின்சாரம் உற்பத்தியாகும். அது பழுதுக்கும், சில வேளை தீக்கும் வழி வகுக்கும். இவற்றுக்கு முன்சக்கரங்களைத் தூக்கி இழுக்க வேண்டும், அல்லது கார் கரியரில் ஏற்ற வேண்டும். நான்கு சக்கரமும் இயங்கும் வாகனமென்றால் கரியர் ஒன்றே வழி. எனக்குத் தெரிந்த கராஜ் பாஸ் ஒருவர் சொல்வார்: “மௌலவி, கரியருக்குக் காசு குடுக்கப் பஞ்சிப்பட்டவங்கதான் எனக்கு கியர் பொக்ஸுக்குக் காசு தாராங்க.” உங்கள் காப்புறுதியில் இழுத்துச் செல்லும் செலவு அடங்குகிறதா என்று பத்திரத்தைப் புரட்டிப் பாருங்கள், அடங்கியிருந்தும் கேட்காமல் விடுபவர்கள் இருக்கிறார்கள்.

இழுக்கக் கூடிய வாகனமே என்றால், கயிறு இரு வாகனங்களுக்கும் இடையே நாலரை மீற்றரைத் தாண்டக் கூடாது. நடுவில் சிவப்புத் துணி கட்டுங்கள். பம்பரில் கட்டினால் பம்பர் கையோடு வரும். பல கார்களில் இழுப்பதற்கான கொளுக்கி கருவிப் பையில் தனியாக இருக்கும். பம்பரிலுள்ள சிறு மூடியைக் கழற்றி, அதைத் திருகிப் பூட்ட வேண்டும்.

பின்வாகனத்தில் இருப்பவரின் வேலைதான் கடினம். திறப்பு ‘ஒன்’ நிலையில் இருக்க வேண்டும். இல்லையேல் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். எஞ்சின் ஓடாததால் ஸ்டியரிங் கல்லாய்க் கனக்கும். பிரேக் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வழமை போல் இருக்கும். பிறகு முழுப் பலத்தோடு மிதிக்க வேண்டும். இது தெரியாமல் இறக்கத்தில் முன்வாகனத்தின் மேல் ஏறியவர்கள் உண்டு. ஆகவே அனுபவமுள்ளவரே பின்னால் இருக்க வேண்டும். வீட்டுச் சிறுவனை ‘சும்மா ஸ்டியரிங்கைப் பிடி’ என்று உட்கார வைக்காதீர்கள். முன்னால் செல்பவர் 30 கி.மீ. வேகத்தைத் தாண்டாமல், முதலில் கயிறு இறுகும் வரை ஊர்ந்து செல்ல வேண்டும். கயிறு தளராமல் இருக்க பின்னால் இருப்பவரே மெல்ல பிரேக் பிடித்து வர வேண்டும். வெட்டி இழுத்தால் கயிறு அறும். அறுந்த கயிறு, அதிலும் இரும்புக் கொளுக்கியோடு, சாட்டை போல் திரும்பி வரும். புறப்படும்போது பக்கத்தில் எவரும் நிற்கக் கூடாது. இழுபடும் வாகனத்தில் பெண்களையும் பிள்ளைகளையும் ஏற்றாதீர்கள். பஸ்ஸிலோ ஆட்டோவிலோ அவர்களை முதலில் அனுப்பிவிடுங்கள். மலைப் பாதையில் கயிற்றால் இழுக்கும் எண்ணத்தையே கைவிட்டுவிடுங்கள்.

டிக்கியின் அடியில்...

இவ்வளவுக்கும் தேவையானவை ஒரு சிறு பைக்குள் அடங்கும்: முக்கோணம், இரண்டு மஞ்சள் ஜெக்கட், டோர்ச், கயிறு, ஜெக், நட்டு கழற்றும் சாவி, மரக் கட்டைகள் இரண்டு, தண்ணீர்ப் போத்தல்கள், ஒரு கிலோ தீயணைப்பான். தீயணைப்பானின் முள் பச்சையில் நிற்கிறதா என்று இடைக்கிடை பாருங்கள். பொனட்டுக்குள்ளிருந்து புகையோடு தீ தெரிந்தால் பொனட்டை முழுக்கத் திறக்காதீர்கள். காற்றுப் பட்டதும் தீ எழும். சிறு இடைவெளியால் அடியுங்கள். அடங்காவிட்டால் விட்டு விலகுங்கள்.

பை இருப்பது மட்டும் போதாது. கல்யாண வீட்டுக்குப் போகும் வானின் டிக்கியைப் பாருங்கள்: அடியில் முக்கோணமும் ஜெக்கும், அதன் மேல் பாய், அதன் மேல் உடுப்புப் பெட்டிகள், எல்லாவற்றுக்கும் உச்சியில் அசையாமல் வைக்கப்பட்ட வட்டிலப்பச் சட்டி. நள்ளிரவில், மழையில், இத்தனையையும் வீதியில் இறக்கிய பின்னர்தான் முக்கோணம் கைக்கு வரும். ஆகவே முக்கோணம், ஜெக்கட், டோர்ச் மூன்றையும் முன் ஆசனத்தின் பின்புறப் பையில் வையுங்கள். சாரதி ஆசனத்தின் கீழ் மட்டும் வேண்டாம். அங்கிருந்து உருளும் டோர்ச் போய் நிற்பது பிரேக்கின் அடியில்.