லென்ஸுக்கு ஃபில்டர்: எப்போது மாட்டுவது, எப்போது கழற்றுவது?

லட்ச ரூபாய்க்கு லென்ஸ் வாங்கிப் பில் போடும் நேரத்தில் கடைக்காரர் கேட்பார்: "யுவி ஃபில்டர் ஒண்ணும் சேர்த்துப் போட்டுடவா சார்?" இவ்வளவு செலவழித்தாயிற்று, இதற்கென்ன என்று நீங்களும் சரி சொல்லிவிடுவீர்கள். அதற்கு முன், அந்தக் கண்ணாடி எதைக் காக்கும், எதைக் காக்காது என்று பார்த்துவிடுவோம்.

யுவி என்பது புற ஊதாக் கதிர். ஃபிலிம் அந்தக் கதிரையும் பதிவு செய்துவிடும். ஊட்டி, கொடைக்கானல் போன்ற உயரங்களில் தூரத்து மலைகள் நீலம் பாய்ந்து மங்கியது அதனால்தான். இன்றைய டிஜிட்டல் கேமராவில் சென்சாருக்கு (படத்தைப் பதியும் சில்லு) முன்னாலேயே அதற்கான தடுப்பு இருக்கிறது. ஆகவே யுவி ஃபில்டர் உங்கள் படத்தை மேம்படுத்தப் போவதில்லை. அது வெறும் காப்புக் கண்ணாடி. 'புரொடெக்டர்', 'கிளியர்' என்று விற்பவையும் அதே வேலையைத்தான் செய்கின்றன. பெயரைப் பார்த்துக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.

அப்படியானால் எதிலிருந்து காக்கிறது? கல்யாண வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஹோமத்தில் நெய் விடவிடப் புகையோடு எண்ணெய்ப் பசை எழும். வாசலில் பன்னீர் தெளிப்பார்கள். தாலி கட்டும் நேரத்தில் நான்கு பக்கமிருந்தும் அட்சதை வந்து விழும். நடுவில் ஒரு குழந்தை ஓடி வந்து லென்ஸில் விரலை வைக்கும். கடற்கரையில் உப்புச் சாரலும் மணலும், ஜல்லிக்கட்டு வாடிவாசல் அருகே செம்மண் புழுதியும் இப்படியே லென்ஸில் வந்து படிகின்றன.

இவை நேராக லென்ஸை உடைப்பதில்லை. நாம் துடைக்கும்போதுதான் சேதம் வருகிறது. கண்ணாடியில் ஒட்டிய மணல் துகளைத் துணியால் தேய்த்தால் கீறல் விழும். ஃபில்டர் மாட்டியிருந்தால் அந்தத் தேய்ப்பெல்லாம் ஃபில்டரோடு போயிற்று. உப்புப் படிந்தால் கழற்றிக் குழாய்த் தண்ணீரில் அலசி, மெல்லிய துணியால் ஒற்றி எடுக்கலாம். கீறல் விழுந்தால் வேறு வாங்கலாம். லென்ஸின் முன் கண்ணாடியை மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் இது சிறு தொகை. ஃபில்டர் வாங்க இந்த ஒரு காரணம் போதும்.

கேமரா கீழே விழுந்தால் ஃபில்டர் காப்பாற்றுமா? அதை நம்பாதீர்கள். "ஃபில்டர் நொறுங்கியது, லென்ஸ் தப்பித்தது" என்று பலர் சொல்வார்கள். ஆனால் ஃபில்டர் மெல்லிய தகடு, லென்ஸின் முன் கண்ணாடி பல மடங்கு தடிமன். மெல்லியது உடைந்ததால் தடித்ததும் உடைந்திருக்கும் என்று சொல்ல முடியாது. சில சமயம் உடைந்த சில்லுகளே லென்ஸைக் கீறிவிடுகின்றன.

மோதலுக்கு ஏற்றது ஹூட் (லென்ஸின் முனையில் மாட்டும் குழல்). அடி முதலில் அதில் விழும். பக்கவாட்டிலிருந்து வரும் வெளிச்சத்தையும் அது மறைப்பதால் படமும் தெளிவாகும். பல லென்ஸ்களுக்கு அது பெட்டியிலேயே வருகிறது. ஆனால் நிறையப் பேர் அதைத் தலைகீழாக மாட்டியபடியே படம் எடுக்கிறார்கள். திருப்பி மாட்டுங்கள், செலவில்லாத காப்பு அது.

ஃபில்டரால் படம் கெடுமா? கெடலாம். பூச்சில்லாத கண்ணாடி ஒவ்வொரு பக்கத்திலும் ஏறக்குறைய 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். இரண்டு பக்கமும் சேர்த்து 8 சதவீதம். பகலில் இது அதிகம் தெரியாது. இரவில், மண்டபத்தின் சீரியல் விளக்குகளை எடுக்கும்போது தெரியும். சென்சாரில் பட்டுத் திரும்பும் ஒளி ஃபில்டரின் தட்டைக் கண்ணாடியில் மோதி மறுபடி உள்ளே வரும். படத்தின் நடுவுக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் விளக்குகளின் மங்கலான தலைகீழ் உருவம் பதியும். கருவானத்தில் காரணமில்லாமல் புள்ளிகள் மிதந்தால் முதலில் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். நல்ல ஃபில்டரிலும் இது ஓரளவு வரும். இரவு விளக்கு, சூரிய அஸ்தமனம் இரண்டுக்கும் கழற்றிவிடுவதே நல்லது.

கடையில் நல்லதை எப்படிக் கண்டுபிடிப்பது? கறுப்புத் துணிமேல் ஃபில்டரைப் பிடித்து, மேலே எரியும் டியூப்லைட்டின் பிம்பத்தை அதில் பாருங்கள். பிம்பம் பளிச்சென்று வெள்ளையாக இருந்தால் பூச்சு இல்லை. பச்சையோ ஊதாவோ கலந்து மங்கித் தெரிந்தால் மல்ட்டி-கோட்டிங் (எதிரொளிப்பைக் குறைக்கும் பல அடுக்குப் பூச்சு) இருக்கிறது. டப்பாவில் என்ன எழுதியிருந்தாலும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். பெயர் பெற்ற ஃபில்டர்களுக்குப் போலிகளும் சந்தையில் உண்டு.

தூரத்தை எடுக்கும் டெலி லென்ஸ் என்றால் இன்னொரு சோதனை வேண்டும். கண்ணாடி முழுச் சமதளமாக இல்லாவிட்டால் அந்தக் குறை டெலியில்தான் பெரிதாகத் தெரியும். கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, எதிர்த் தெருப் பெயர்ப்பலகையை ஃபில்டரோடு ஒரு படம், இல்லாமல் ஒரு படம் எடுங்கள். கணினியில் பெரிதாக்கி எழுத்துகளின் ஓரத்தை ஒப்பிடுங்கள். வித்தியாசம் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அளவு எங்கே இருக்கும்? லென்ஸின் முன்புறத்தில் வட்டத்தைக் குறுக்குக் கோடு வெட்டும் ஒரு குறி, பக்கத்தில் 67, 77, 82 என்று எண். அதுதான் ஃபில்டரின் விட்டம், மில்லிமீட்டரில். 24-70 போன்ற குவியத் தூர எண்களோடு அதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அகலக் கோண லென்ஸுக்குத் தடித்த வளையம் வாங்கினால் படத்தின் மூலைகள் கறுக்கும். மெல்லிய வளையம் கேளுங்கள், ஆனால் லென்ஸ் மூடி அதில் மாட்டுகிறதா என்று கடையிலேயே பாருங்கள்.

எல்லா லென்ஸுக்கும் மாட்ட முடியுமா? முடியாது. நிக்கானின் பழைய 14-24 போல முன் கண்ணாடி புடைத்திருந்தால் முன்னால் திருகும் ஃபில்டருக்கு இடமே இல்லை. மாறாக, கேனனின் 17-40 எல் போன்ற சிலவற்றில் தூசியும் ஈரமும் புகாத அடைப்பு, ஃபில்டர் மாட்டினால்தான் முழுமையாகும். கையேட்டில் அது எழுதியிருக்கும்.

போலரைசரை (பளபளப்பைக் குறைக்கும் சுழல் ஃபில்டர்) காப்பாக எப்போதும் வைத்துக்கொள்ளலாமா? வேண்டாம். பாதிக்கு மேல் வெளிச்சத்தை அது விழுங்கிவிடும். மண்டபத்துக்குள் படம் ஆடிப்போகும்.

பூஞ்சையை ஃபில்டர் தடுக்குமா? தடுக்காது. அது காற்றின் ஈரத்தால் வருவது. மழையில் நனைந்தால் ஃபில்டரைக் கழற்றி இரண்டையும் தனித்தனியாக உலரவிடுங்கள். லென்ஸைச் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள்.

ஃபில்டர் சிக்கிக்கொண்டால்? அலுமினிய வளையங்களில் இது அடிக்கடி வரும், பித்தளையில் குறைவு. விரல்களால் நெரிக்காதீர்கள். வளையம் அமுங்கி இன்னும் இறுகும். ஓரத்தைச் சுற்றி அகலமான ரப்பர் பேண்டு போட்டு, உள்ளங்கையால் சமமாகப் பிடித்து மெல்லத் திருகுங்கள். பெரும்பாலும் வந்துவிடும்.