மலிவு விலையில் ஒரு குறிதுப்பாக்கி

பள்ளி விடுமுறை நெருங்கும் காலத்தில், திருவனந்தபுரத்தில் குடியேறி வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இப்பொழுது ஒரு புதுவிதமான வேண்டுகோள் எழுகின்றது. கைப்பேசியில் போர் விளையாட்டு ஆடிப் பழகிய பிள்ளைகள், ‘ஸ்நைப்பர்’ துப்பாக்கி ஒன்று வாங்கித் தருமாறு கேட்கிறார்கள். மெய்யான துப்பாக்கி அன்று. சிறு பிளாஸ்டிக் குண்டுகளை எறியும் ‘ஏர்சாஃப்ட்’ என்னும் வகை. விலையும் அதிகமில்லை என்று உடனே சொல்லிவிடுகிறார்கள். கரமனையிலும் வலியசாலையிலும் இருக்கும் தகப்பனார்களுக்கோ, இது விளையாட்டுச் சாமானா, ஆயுதமா என்பதே விளங்குவதில்லை. போதாக்குறைக்கு, வளைகுடா நாட்டிலிருந்து விடுமுறையில் வரும் மாமா ஒருவர், தாமே கொண்டுவந்து தருவதாக மருமகனுக்கு வாக்கும் கொடுத்துவிடுகிறார். ஆகவே, இப்பொருளைக் குறித்துச் சற்று விரிவாக எழுதுவது பயனுடையது எனக் கருதினோம்.

‘ஸ்நைப்பர்’ என்ற சொல்லுக்கும் நம் நாட்டுக்கும் பழைய உறவு உண்டு. ‘ஸ்நைப்’ என்பது நம் உள்ளான் குருவி. குளிர்காலத்தில் வயற்காடுகளுக்கு வந்து சேரும் இப்பறவை, சேற்றோடு சேறாக அடங்கிக் கிடந்து, காலடியோசை கேட்டதும் கோணல்மாணலாகப் பறந்தோடும். அதைச் சுட்டு வீழ்த்துவது எளிதன்று. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவில் இருந்த ஆங்கிலப் படை அதிகாரிகள், இக்குருவியை வேட்டையாடச் செல்வதையே ‘ஸ்நைப்பிங்’ என்று தம் கடிதங்களில் குறித்தனர். பிறகு அச்சொல், மறைந்திருந்து குறிவைப்பவனுக்குப் பெயராயிற்று. இன்று உள்ளானைச் சுடுவது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். காற்றுத் துப்பாக்கியால் சுட்டாலும் குற்றமே என்பதைப் பிள்ளைகளுக்கு முதலிலேயே சொல்லிவைத்தல் நலம்.

ஏர்சாஃப்ட் என்பது 1970-களில் ஜப்பானில் தோன்றியது. அந்நாட்டில் குடிமக்கள் துப்பாக்கி வைத்துக்கொள்வது மிகக் கடினம்; ஆசையை மட்டும் சட்டத்தால் தடுக்க முடியவில்லை. ஆகவே, மெய்த் துப்பாக்கியை உருவத்தில் அப்படியே ஒத்து, 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குண்டை எறியும் பொம்மைகளைச் செய்தார்கள். டோக்கியோ மாருயி என்னும் நிறுவனம் செய்த வி.எஸ்.ஆர்.-10 என்ற மாதிரி, குறிதுப்பாக்கி வகையில் பெரும்புகழ் பெற்றது. இன்று குறைந்த விலைக்கு விற்கப்படும் சீனத் துப்பாக்கிகளில் பல அதன் நகல்களே.

உள்ளே இருக்கும் இயந்திரம் மிக எளியது. கைப்பிடியைப் பின்னுக்கு இழுத்தால் சுருள்வில் அமுங்கி, பிஸ்டன் ஒரு கொக்கியில் மாட்டிக்கொள்ளும். விசையை அழுத்தினால் கொக்கி விலகும். பிஸ்டன் பாய்ந்து காற்றை நெருக்கும். அக்காற்று குண்டைக் குழல்வழியே தள்ளும். சைக்கிள் பம்பை ஓங்கி அடிப்பதற்கும் இதற்கும் அதிக வேற்றுமை இல்லை.

இங்கேதான் மலிவுச் சரக்கின் முதற்குறை வெளிப்படுகிறது. விளம்பரக்காரர்கள் பேசுவதெல்லாம் வேகத்தைப் பற்றியே. வாங்குபவர் கேட்க வேண்டியதோ வேறு. பத்துக் குண்டுகளும் ஒரே வேகத்தில் புறப்படுகின்றனவா? பத்தும் ஒரே இடத்தில் விழுகின்றனவா? வேகம் குறைந்தாலும் ஒழுங்கு மாறாத துப்பாக்கியால் குறி பழகலாம். வேகம் மிகுந்தும் ஒழுங்கற்ற துப்பாக்கியால் ஒன்றும் பழக முடியாது; தவறு தன் கையிலா, கருவியிலா என்பதே சுடுபவனுக்குத் தெரியாமற்போகும். திருவிழாக் கடைகளில் பலூன் சுடுவோர் இதை நன்கு அறிவர். அங்கே குறிமுள் சற்று வளைந்திருக்கும், சுருள்வில் தளர்ந்திருக்கும். நம் கண்ணில் பழுது என்று நினைத்துக்கொண்டு மேலும் பத்து ரூபாய் கொடுப்போம்.

வேகக் கணக்கையும் சிறிது பார்க்கலாம். 0.20 கிராம் எடையுள்ள குண்டு வினாடிக்கு 100 மீட்டர் வேகத்தில் புறப்பட்டால் அதன் ஆற்றல் 1 ஜூல். அதே 1 ஜூலைக் கொண்டு 0.40 கிராம் குண்டை எறிந்தால் வேகம் ஏறக்குறைய 71 மீட்டராகக் குறையும். ஆனால் கனமான குண்டு காற்றில் அவ்வளவு எளிதாக அலைவதில்லை. தன் வேகத்தையும் நெடுந்தூரம் காத்துக்கொள்ளும். விற்பவர்கள் பெரும்பாலும் இலேசான குண்டைப் போட்டு அளந்த வேகத்தையே பெட்டியின்மேல் அச்சிடுவார்கள். அதனைக் கண்டு மயங்க வேண்டுவதில்லை.

குழலின் உள்ளளவும் கவனிக்கத்தக்கது. நல்ல குண்டின் குறுக்களவு 5.95 மில்லிமீட்டர். மலிவான துப்பாக்கிகளில் குழலின் துளை 6.08 அளவில் இருக்கும். விலையுயர்ந்த குழல்களில் அது 6.03 அல்லது அதற்கும் குறைவு. இந்த மயிரிழை வேற்றுமையில் குண்டு குழலுக்குள் தட்டித் தடுமாறிச் செல்லவும், காற்று பக்கவாட்டில் கசியவும் இடமுண்டு. குழலின் தொடக்கத்தில் ஒரு ரப்பர் மேடு இருக்கும். அது குண்டின் மேற்புறத்தை உரசிப் பின்னோக்கிச் சுழலவிடும். சுழலும் குண்டு காற்றில் மிதந்து நெடுந்தூரம் செல்லும். பந்து சுழன்றால் பாதை வளைவதற்கு 19-ஆம் நூற்றாண்டில் விளக்கம் கண்ட மாக்னஸ் என்னும் ஜெர்மானிய அறிஞரின் பெயரால் இவ்விளைவு வழங்குகிறது. ரப்பர் சமமாக அமையாவிட்டால் குண்டு ஒருமுறை இடமும் ஒருமுறை வலமும் போகும். மலிவுத் துப்பாக்கியில் முதலில் மாற்ற வேண்டியதும் இதுவே, செலவும் சிறிதே.

மற்றொரு குறை கொக்கியில் உள்ளது. வி.எஸ்.ஆர். நகல்களில் பிஸ்டனைப் பிடிக்கும் கொக்கி பெரும்பாலும் 45 பாகைச் சாய்வில் அமைந்திருக்கும். கூட வரும் மென்மையான சுருள்வில்லுக்கு அது போதும். ஆனால் பிள்ளை சும்மா இருப்பானா? நண்பன் சொன்னான் என்று வலிய சுருள்வில் ஒன்றை வாங்கி மாட்டுவான். சில நாட்களில் கொக்கி தேய்ந்து, பிஸ்டன் நிற்காமல் தானே பாயத் தொடங்கும். அதைத் தாங்க 90 பாகைக் கொக்கியும் உலோகப் பிஸ்டனும் வேண்டும். அவற்றின் விலை சில வேளைகளில் துப்பாக்கியின் விலையையே எட்டிவிடும். மலிவு என்று தொடங்கிய கணக்கு இவ்வாறு வளர்வதைப் பலரும் எதிர்பார்ப்பதில்லை. உடன் இலவசமாக வரும் தொலைநோக்கியோ, பெரும்பாலும் அலங்காரத்துக்கே ஆகும்.

இவ்வளவுக்குப் பிறகும் 30 மீட்டரில் ஒரு சாப்பாட்டுத் தட்டளவுக்குள் குண்டுகளைப் போட்டால், மலிவுத் துப்பாக்கிக்கு அது நல்ல பெயர்தான்.

நிற்க. சட்டத்தின் பக்கம் வருவோம். 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, காற்றுத் துப்பாக்கியின் துளை 0.177 அங்குலத்துக்கு, அதாவது 4.5 மில்லிமீட்டருக்கு மேற்பட்டாலோ, ஆற்றல் 20 ஜூலுக்கு மேற்பட்டாலோ உரிமம் வேண்டும். அவ்விரண்டு எல்லைக்குள் அடங்கும் சாதாரணக் காற்றுத் துப்பாக்கியை உரிமமின்றி வாங்கலாம். கடைக்காரர் அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கேட்பார். ஏர்சாஃப்டின் ஆற்றல் மிகச் சிறிது. ஆனால் அதன் துளை 6 மில்லிமீட்டர் என்பதை மறக்கலாகாது. விற்பவர் ‘விளையாட்டுப் பொருள்’ என்று சொல்லும் வாய்ச்சொல்லை மட்டும் நம்பாமல், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டுத் தெளிவதே முறை. வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதில் மேலும் சிக்கல் உண்டு. சுங்க வரிப் பட்டியலின் 93-ஆம் அத்தியாயம் ஆயுதங்களுக்கு உரியது. சுருள்வில்லாலும் காற்றாலும் இயங்கும் துப்பாக்கிகள் அதில் 9304 என்னும் தலைப்பில் வருகின்றன. வளைகுடா மாமாவின் அன்பளிப்பு விமான நிலையத்துச் சுங்கச் சாவடியிலேயே தங்கிவிடக்கூடும்.

பிற நாடுகளும் இப்பொருளை வெறும் பொம்மையாக விட்டுவிடவில்லை. ஜப்பான் 2006-ஆம் ஆண்டில் சட்டத்தைத் திருத்தி, 6 மில்லிமீட்டர் துப்பாக்கிக்கு ஏறக்குறைய 0.98 ஜூல் என வரம்பு கட்டியது. பிரிட்டனில் 2017-ஆம் ஆண்டின் சட்டம், தொடர்ந்து சுடுவதற்கு 1.3 ஜூலும், ஒற்றைக் குண்டு வகைக்கு 2.5 ஜூலும் உச்சவரம்பாக விதித்தது. 1 ஜூல் என்பது தோலில் ஒரு தழும்பை உண்டாக்கும். கண்ணில் பட்டால் பார்வையையே பறிக்கும். சாதாரணக் குளிர்க்கண்ணாடி இதற்குத் தடுப்பாகாது. முகத்தோடு பொருந்தும் பாதுகாப்புக் கண்ணாடியே வேண்டும்.

அதனினும் பெரிய ஆபத்து அதன் உருவத்தில் இருக்கிறது. 2014 நவம்பரில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரத்துப் பூங்கா ஒன்றில் 12 வயதுச் சிறுவன் ஏர்சாஃப்ட் கைத்துப்பாக்கியோடு விளையாடிக்கொண்டிருந்தான். பொம்மை என்று காட்டும் ஆரஞ்சு நிற முனை அதில் இல்லை. யாரோ தகவல் கொடுக்க, அங்கு விரைந்த காவலர், வந்த சில வினாடிகளுக்குள் அவனைச் சுட்டுவிட்டார். சிறுவன் மறுநாள் உயிர்நீத்தான். அமெரிக்காவில் பிள்ளைகளை வளர்க்கும் நம் உறவினர்களுக்கு இச்செய்தி புதிதன்று. இங்கேயும், மொட்டைமாடியில் கறுப்புத் துப்பாக்கியோடு படுத்துத் தெருவைக் குறிபார்க்கும் பையனை அயல்வீட்டார் எவ்வாறு எடுத்துக்கொள்வர்?

அப்படியானால் பிள்ளையின் ஆசைக்கு வழியே இல்லையா என்று தாய்மார்கள் கேட்கலாம். வழி நம் நகரத்திலேயே இருக்கிறது. வட்டியூர்க்காவில் உள்ள துப்பாக்கி சுடும் அரங்கு அது. 2015-ஆம் ஆண்டு ஜனவரி 31 முதல் பிப்ரவரி 14 வரை கேரளத்தில் நடந்த 35-ஆம் தேசிய விளையாட்டுகளின்போது சுடும் போட்டிகள் அங்குதான் நடைபெற்றன. 2017 டிசம்பரில் 61-ஆம் தேசியச் சுடும் போட்டிகளும் அங்கு வந்தன. 1951-இல் மாவ்லங்கரைத் தலைவராகக் கொண்டு தொடங்கப்பெற்ற தேசிய ரைபிள் சங்கத்தின் கீழ் மாநிலச் சங்கங்களும் மாவட்டச் சங்கங்களும் இயங்குகின்றன. புதியவர்களைச் சேர்க்கும் நிபந்தனை, கட்டணம், சங்கத்துத் துப்பாக்கியிலேயே பழக முடியுமா என்பன போன்றவற்றைத் தகப்பனார் ஒரு நாள் நேரில் சென்று விசாரித்து வரலாம். முதலில் துப்பாக்கி வாங்கிப் பிறகு பழகுவதைவிட, முதலில் பழகிப் பிறகு வாங்குவது பணப்பைக்கு நல்லது. போட்டித் துப்பாக்கிகள் இலட்சக் கணக்கில் விலை சொல்லப்படுகின்றன. அவற்றைத் தொடக்கத்திலேயே எண்ணிப் பார்க்க வேண்டுவதில்லை.

அந்த விளையாட்டின் அளவுகளைக் கேட்டால் பிள்ளைகளே வியப்பார்கள். இலக்கு 10 மீட்டர் தொலைவில் இருக்கும். அதன் நடுவிலுள்ள பத்தாம் புள்ளியின் குறுக்களவு அரை மில்லிமீட்டர்; எழுதுகோல் முனை வைத்த பொட்டளவு. குண்டின் குறுக்களவோ 4.5 மில்லிமீட்டர். மிகச் சரியான ஒரு சுடுதலுக்கு 10.9 புள்ளி, 60 சுடுதல்களுக்கு 654. துப்பாக்கியின் எடை 5.5 கிலோவுக்கு மேற்படலாகாது. குண்டின் ஆற்றல் 7 ஜூல் அளவே. அங்கே எவரும் வலுவைப் பற்றிப் பேசுவதில்லை.

நம்மைப் போலவே பிறந்த ஊரை விட்டுப் பெயர்ந்த குடும்பம் ஒன்றிலிருந்து இவ்விளையாட்டில் உலகப் புகழ் பெற்றவர் இளவேனில் வாலறிவன். 1999-இல் கடலூரில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே பெற்றோருடன் குஜராத்துக்குச் சென்று அகமதாபாத்தில் வளர்ந்தவர். சென்னையில் பிறந்து ஐதராபாத்தில் வளர்ந்தவரும், 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றவருமான ககன் நாரங் தொடங்கிய பயிற்சிக்கூடத்தில் பழகினார். 2018-இல் சிட்னியில் நடந்த இளையோர் உலகக் கோப்பையின் தகுதிச்சுற்றில் 631.4 புள்ளிகள் பெற்று உலக இளையோர் சாதனை படைத்தார். அறுபதால் வகுத்துப் பாருங்கள். ஒரு சுடுதலுக்குப் பத்தரைக்கும் சற்று மேல். அதாவது அறுபது குண்டுகளும் சராசரியாக நடுப்புள்ளியிலிருந்து ஒரு மில்லிமீட்டரைச் சிறிதே கடந்து விழுந்தன. 2019-இல் ரியோ டி ஜெனிரோவில் உலகக் கோப்பைத் தங்கத்தையும் வென்றார். டோக்கியோ, பாரிஸ் ஆகிய இரண்டு ஒலிம்பிக்குகளிலும் இறுதிச்சுற்றை எட்ட இயலவில்லை. பாரிஸில் பத்தாம் இடம், எட்டாம் இடம் வரையிலானவர்களுக்கே இறுதிச்சுற்று. மில்லிமீட்டரின் பின்னங்களில் நடக்கும் போட்டி அது.

இவ்வளவும் படித்த பின்னரும், வீட்டில் ஏற்கெனவே ஒரு துப்பாக்கி வந்துவிட்டது என்போருக்கு ஒரு சோதனை கூறுகிறோம். அகலமான அட்டைப்பெட்டியில் பழந்துணிகளைத் திணித்து, முன்புறம் வெள்ளைத்தாளை ஒட்டி, பின்னால் சுவர் இருக்கும் இடமாகப் பார்த்து 10 மீட்டர் தொலைவில் வையுங்கள். சுடுபவரும் பார்ப்பவரும் கண்ணாடி அணிந்திருத்தல் வேண்டும். துப்பாக்கியை மணல் நிரப்பிய பையின்மேல் சாய்த்து, ஒரே வகைக் குண்டுகள் பத்தினை ஒரே புள்ளியைக் குறித்துச் சுடுங்கள். பத்துத் துளைகளையும் உள்ளடக்கும் வட்டத்தை வரைந்து அளவெடுங்கள். நன்றாக விழுந்த ஐந்தை மட்டும் எடுத்துக்கொள்ளுதல் கூடாது. வட்டம் நடுவை விட்டு விலகியிருந்தால் கவலையில்லை, குறிமுள்ளைத் திருகிச் சரிசெய்யலாம். வட்டமே உள்ளங்கையளவு விரிந்திருந்தால், வேறு எடைக் குண்டுகளைப் போட்டு மறுபடி பாருங்கள். அதன் பிறகு ரப்பரைப் பாருங்கள். சுருள்வில்லைக் கடைசி வரையில் தொட வேண்டாம். வேலை முடிந்ததும் குண்டுகளைத் தனியாகவும் துப்பாக்கியைத் தனியாகவும் பூட்டி, சாவியைப் பெரியவர் ஒருவர் வைத்துக்கொள்ளட்டும்.