எலும்பு மஜ்ஜை மாற்றினால் எச்.ஐ.வி. போய்விடுமா?

எச்.ஐ.வி.யிலிருந்து முற்றாக விடுபட்ட ஒருவரைப் பற்றி அவ்வப்போது செய்தி வருகிறது. அந்தச் சிகிச்சையை எல்லோருக்கும் கொடுத்தால் என்ன? விடை தேடி நாம் வெகுதூரம் போக வேண்டாம். சிட்னிக்குப் போனால் போதும்.

2014 ஜூலையில் மெல்பேர்ணில் நடந்த உலக எயிட்ஸ் மாநாட்டையொட்டி, சிட்னியின் கேர்பி நிறுவனம் இரண்டு நோயாளிகளைப் பற்றி அறிவித்தது. இருவருக்கும் எச்.ஐ.வி.யோடு புற்றுநோயும் இருந்தது. ஒருவருக்கு நிணநீர்ப் புற்றுநோய், மற்றவருக்கு இரத்தப் புற்றுநோய். அதற்காகவே செயின்ட் வின்சென்ட் மருத்துவமனையில் 2011இலும் 2012இலும் எலும்பு மஜ்ஜை மாற்றினார்கள். பிறகு தேடியபோது வைரஸ் தட்டுப்படவில்லை. ஆனாலும் பேராசிரியர் டேவிட் கூப்பர் குழுவினர் 'குணமாகிவிட்டது' என்று சொல்லவில்லை; எச்.ஐ.வி. மாத்திரைகளையும் நிறுத்தவில்லை.

காரணம், பொஸ்டன் நகரம் கற்பித்த பாடம். அங்கும் இருவருக்கு வைரஸ் மறைந்திருந்தது. 2013இல் மாத்திரையை நிறுத்தினார்கள். ஒருவருக்கு மூன்று மாதங்களில், மற்றவருக்கு எட்டு மாதங்களில் வைரஸ் திரும்பிவிட்டது. சோதனைக்கு அகப்படாத சில அணுக்களில் அது உறங்கிக் கிடந்திருக்கிறது.

'பேர்லின் நோயாளி' திமொதி ரே பிரவுனுக்கு மட்டும் எப்படிப் பலித்தது? வைரஸ் இரத்த அணுவுக்குள் நுழைய சிசிஆர்5 என்ற வாசல் வேண்டும். அவருக்குக் கொடையளித்தவரின் அணுக்களில் பிறவியிலேயே அந்த வாசல் இல்லை. தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் இம்மாற்றத்தைப் பெற்றவர்கள் வட ஐரோப்பியரில் நூற்றுக்கு ஒருவர் அளவில்தான். தெற்காசியரிடையே மிக அரிது. இரத்தத் திசுவும் பொருந்தி, இதுவும் அமைந்த கொடையாளி ஒரு தமிழருக்குக் கிடைப்பது குதிரைக்கொம்பு. வாசல் திறந்திருந்தும் வைரஸ் திரும்பாத ஜெனீவா நோயாளியைப் பற்றி 2023இல் அறிவித்தார்கள். ஆனால் அது விதிவிலக்கு.

இனி ஆபத்தைப் பார்ப்போம். முதலில் கடும் மருந்துகளால் நோயாளியின் சொந்த மஜ்ஜையை அழிக்க வேண்டும். புதியது வேரூன்றும்வரை சாதாரணக் கிருமியும் எமனாகலாம். வேரூன்றிய பின், வந்த அணுக்களே உடலின் தோலையும் குடலையும் ஈரலையும் தாக்கலாம். இவற்றால் பத்தில் ஒருவரோ இருவரோ, சில வேளை அதற்கும் மேலோ இறக்கிறார்கள். பிரவுனே 2008இல் செய்த இரண்டாவது மாற்றத்தின் பின் சாவின் விளிம்புவரை போய்த்தான் மீண்டார். 2020இல் அவர் இறந்தது எச்.ஐ.வி.யால் அல்ல, திரும்பி வந்த இரத்தப் புற்றுநோயால்.

தராசின் மறுதட்டில் இருப்பது தினம் ஒரு மாத்திரை. 1986இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமன் குழுவினர் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தபோது கொடுக்க மருந்தே இல்லை. இன்று உரிய காலத்தில் மருந்து தொடங்கி ஒழுங்காக எடுப்பவர் ஏறக்குறைய மற்றவர்களைப் போலவே நீண்ட காலம் வாழலாம். வைரஸ் சோதனையில் தெரியாத அளவுக்குக் குறைந்துவிட்டால் உடலுறவின் மூலம் துணைவருக்கும் தொற்றாது.

ஆகவே புற்றுநோயால் எப்படியும் மஜ்ஜை மாற்றியே ஆகவேண்டியவருக்கு இது இரட்டை நன்மையாகலாம். மற்றவருக்கோ, மாத்திரையால் கட்டுப்படும் நோய்க்கு உயிரைப் பணயம் வைப்பதாகும். அந்தச் சில வெற்றிகளின் பயன் வேறு. இந்த நோயைத் தீர்க்க முடியும் என்று அவை காட்டின. அதை ஆபத்தில்லாமல் செய்யும் வழியைத்தான் மெல்பேர்ண் உட்படப் பல நகரங்களின் ஆய்வுக்கூடங்கள் தேடுகின்றன. அதுவரை மாத்திரையை நிறுத்தாதிருப்பதே அறிவு.