படகு வாங்கப் போகும் சகோதரிக்கு

எமது கரையோரக் கிராமங்கள் இரண்டு பெரிய இழப்புகளைக் கண்டவை. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை வந்தது. அதற்குப் பின் மீண்டும் மூண்ட போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. முகாம்களிலிருந்து ஊர் திரும்பிய குடும்பங்கள் பல, தமது படகுகளைக் கரையில் காணவில்லை. பல வீடுகளில் படகை ஓட்டியவரும் இல்லை. தொழிலுக்குப் போகும் ஆண் இல்லாத வீட்டில் தொழிலை நடத்தும் பொறுப்பு பெண்ணின் தலையில் விழுந்தது.

அன்று முதல் இன்று வரை பெண்கள் பலர் படகு வாங்கி வருகிறார்கள். உதவித் திட்டத்தில் சிலர், சங்கக் கடனில் சிலர், காதில் கழுத்தில் கிடந்ததை விற்றுச் சிலர். ஒரு சிலர் தாமே கடலுக்குப் போகிறார்கள். பெரும்பாலானோர் மகனையோ சகோதரனையோ கூலிக்காரரையோ அனுப்பி, பங்கு முறையில் தொழில் நடத்துகிறார்கள். கூட்டங்களில் இவர்களோடு பேசும்போது ஒன்றைக் கவனித்திருக்கிறேன். விலை என்ன, என்ன நிறம், எத்தனை குதிரைவலு எஞ்சின் என்று கேட்பார்கள். இந்தப் படகில் ஒரு மனிதர் ஓர் இரவு முழுவதும் இருந்து வேலை செய்ய முடியுமா என்று கேட்பவர் அரிது. படகு வாங்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

வசதி என்றால் என்ன?

கண்ணாடி நாரிழைப் படகு, பேச்சு வழக்கில் பைபர் படகு, வடக்குக்குப் புதியதல்ல. நோர்வே நாட்டு உதவியோடு காரைநகரில் உருவான சீநோர் படகுத் தளத்தை எமது பெற்றோர் நன்கு அறிவர். இன்று கரையில் நாம் அதிகம் காண்பது பதினெட்டு அடி அளவிலான, மேற்தளம் இல்லாத, வெளியிணைப்பு எஞ்சின் பூட்டிய பைபர் படகுகளே. மாலையில் போய் வலை விட்டு, விடியலில் திரும்பும் தொழிலுக்கு உரியவை இவை. நாட்கணக்கில் ஆழ்கடலில் தங்கும் தொழிலுக்கு அறையும் ஐஸ் கிடங்கும் உள்ள பெரிய பலநாட்கலம் வேண்டும். சிறு படகை வைத்துக்கொண்டு பலநாட்கலத்தின் தொழிலைச் செய்ய ஆசைப்படக் கூடாது.

வசதியான படகு என்றதும் மெத்தையும் கூரையும் நினைவுக்கு வரலாம். கடலில் வசதி வேறு விதமானது. வலை இழுப்பவர் குனிந்து நிற்கும்போது படகின் மேல்விளிம்பு அவர் முழங்காலுக்குக் கீழே இருந்தால், ஓர் அலையில் நிலை தவறி விழுந்துவிடுவார். மிக உயரமாக இருந்தால் பாரத்தை விளிம்புக்கு மேலாகத் தூக்கித் தூக்கி நாரியும் தோளும் போய்விடும். முழங்காலுக்குச் சற்று மேலே, தொடை விளிம்பில் முட்டுக்கொடுத்து நிற்கக் கூடிய உயரம் நல்லது. உள்தளம் வழுக்காமல் சொரசொரப்பாக இருக்க வேண்டும். விளிம்பில் வலை சிக்கும் கூர்முனைகள் இருக்கக் கூடாது. குடிதண்ணீர்க் கான், எண்ணெய்க் கான், ஐஸ் பெட்டி, வலை ஆகிய எல்லாவற்றையும் வைத்த பிறகும் ஒருவர் கால் நீட்டி இருக்க இடம் மிஞ்ச வேண்டும். களைத்துப்போன மனிதர் அலை வருவதைக் கவனிக்க மாட்டார். கயிற்றில் கால் சிக்குவதையும் கவனிக்க மாட்டார். எனவே படகின் வசதி என்பது போனவர் பத்திரமாகத் திரும்பி வருவதோடு தொடர்புடையது.

தாமே கடலுக்குப் போகும் சகோதரிகள் கூச்சத்தால் வெளியே சொல்லாத ஒன்றும் உண்டு. பல மணி நேரம் திறந்த படகில் மலசலம் கழிக்க வழியின்றி, தண்ணீர் குடிக்காமலே இருந்துவிடுகிறார்கள். இது உடலைக் கெடுக்கும். அணியப் பக்கத்தில் ஒரு கம்பியும் திரைச்சீலையும் மூடியுள்ள வாளியும் வைக்க இடம் விடும்படி கட்டுபவரிடம் கேளுங்கள். பெரிய செலவில்லை.

எந்தக் கடலுக்கு?

கடலுக்குக் கடல் படகு வேறுபடும். பாக்கு நீரிணைப் பக்கம் ஆழம் குறைவு; அலை குறுகியதாக, அடுத்தடுத்து வரும். முல்லைத்தீவு, வடமராட்சி கிழக்குப் பக்கம் திறந்த கடல். அங்கே அணியம் கூர்மையாக, அலையை வெட்டிப் போகும் அடிப்பாகம் கொண்ட படகு ஏற்றது. தட்டையான அடிப்பாகம் உள்ள படகு ஆழமில்லாத இடத்தில் அசையாமல் நிற்கும். ஆனால் திறந்த கடலின் அலையில் ஓங்கி ஓங்கி அடித்து, இருப்பவரின் முதுகைப் பதம் பார்க்கும்.

மணலில் இழுத்து ஏற்றும் கரையா, துறையில் கட்டி வைக்கும் இடமா என்பதையும் பாருங்கள். மணலில் இழுக்கும் படகின் அடிமுதுகு தேய்ந்துகொண்டே போகும். அந்த இடத்தில் மேலதிகமாகச் சில படைகள் போடச் சொல்லுங்கள். பாரமான படகு அலைக்கு நல்லது. ஆனால் அதை இழுக்க எத்தனை பேர் உங்களுக்குக் கைகொடுப்பார்கள் என்பதையும் கணக்கெடுங்கள்.

பாக்கு நீரிணையில் தொழில் செய்வோருக்கு இந்திய இழுவைப் படகுகளால் வரும் ஆபத்து தெரிந்ததே. அடிமடி இழுவையைத் தடைசெய்யும் திருத்தச் சட்டம் 2017 இல் எமது நாட்டில் நிறைவேறியது. எனினும் இரவில் பெரிய படகுகள் வந்து போகும் கடலில் சிறு படகு கண்ணில் படாமல் நிற்பது உயிராபத்து. வெளிச்சம் இல்லாமல் ஒருவரையும் அனுப்ப வேண்டாம்.

கையால் தட்டிப் பாருங்கள்

பைபர் படகு எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் ஏமாறுவது குறையும். அச்சிலே முதலில் ஜெல்கோட் எனப்படும் நிறப் பூச்சைப் பூசுவார்கள். அதன் மேல் கண்ணாடி நாரினால் ஆன பாயை விரித்து, ரெசின் ஊற்றி, காற்றுக் குமிழி வெளியேற உருளையால் உருட்டி, படை படையாக ஏற்றுவார்கள். படைகளைக் குறைத்தாலும், சரியாக உருட்டாமல் காற்று உள்ளே நின்றாலும் படகு பலமிழக்கும். வெளியே தெரிவது அந்த மெல்லிய நிறப் பூச்சு மட்டுமே. பளபளப்பைப் பார்த்து முடிவெடுக்க முடியாது என்பது இதனால்தான்.

நிறம் பூசாத உட்பக்கத்தைப் பாருங்கள். வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள் தெரிந்தால் அங்கே ரெசின் நாரில் ஊறவில்லை. ஒரு நாணயத்தால் பக்கங்களைத் தட்டிக்கொண்டே போங்கள். சத்தம் தெளிவாகக் கேட்டு வந்து, ஓரிடத்தில் மட்டும் மந்தமாகக் கேட்டால் படைகள் பிரிந்திருக்கலாம். எஞ்சின் பூட்டும் பின்பலகையைக் குறிப்பாகப் பாருங்கள். பல படகுகளில் அதற்குள்ளே பலகை வைத்திருப்பார்கள். துளைகளால் நீர் புகுந்தால் அது உள்ளே உக்கிவிடும். எஞ்சின் தண்டைப் பிடித்து மேலும் கீழும் அசைக்கும்போது பின்பலகையும் சேர்ந்து அசைந்தால் அந்தப் படகை வாங்க வேண்டாம்.

அடுத்தது மிதப்பு. இருக்கைகளின் கீழும் அணியத்திலும் மூடிய அறைகள் அல்லது மிதவை நுரை இருக்க வேண்டும். படகு நீர் நிறைந்தாலும், கவிழ்ந்தாலும் பிடித்துக்கொண்டிருக்க அது மிதக்க வேண்டும். புதுப் படகானால், கடைசித் தவணைப் பணத்தைக் கொடுக்கும் முன், எஞ்சினைப் பூட்டாமல், ஆழமில்லாத நீரில் கட்டியவர் முன்னிலையிலேயே நீர் நிரப்பிக் காட்டச் சொல்லுங்கள். நல்ல தொழிலாளி இதற்கு மறுக்க மாட்டார்.

ஆழிப்பேரலைக்குப் பின் அவசரமாகக் கட்டிக் கொடுக்கப்பட்ட படகுகளில் தரம் குறைந்தவையும் இருந்தன. அந்தக் காலத்துப் படகுகளுக்கு இன்று இருபது வயதுக்கு மேலாகிறது. பழைய படகை வாங்கும்போது புதுப் பெயின்ற் கண்டால் சந்தேகப்படுங்கள். வெடிப்பை மறைக்கவும் பெயின்ற் பூசுவார்கள். தொழில் தெரிந்த ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஆனால் விற்பவரின் உறவினரைக் கூட்டிப் போக வேண்டாம்.

எஞ்சினும் எண்ணெயும்

பெரிய எஞ்சின் கௌரவம் என்று நினைப்பவர்கள் எம்மிடையே உண்டு. போர்க்காலத்தில் குதிரைவலுவுக்குக் கட்டுப்பாடு இருந்தது. அந்தத் தடை நீங்கிய பிறகு வந்த ஆசை அது. எண்ணெய்க் கணக்கைப் பாருங்கள். 15 குதிரைவலு எஞ்சின் முழு வேகத்தில் மணிக்கு ஏறக்குறைய 6 லீற்றர் குடிக்கும். போய் வர மூன்று மணி நேரம் என்றால் 18 லீற்றர். மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவாக இருந்தபோது இதற்கு 1,566 ரூபா போதும். 2022 ஆகஸ்டில் ஒரே இரவில் விலை 340 ரூபாவானபோது அதே பயணத்துக்கு 6,120 ரூபா வேண்டியிருந்தது. பிறகு விலை இறங்கினாலும் பழைய 87 ரூபாவுக்கு இறங்கவில்லை. பாடு கிடைக்காத நாளிலும் இந்தச் செலவு உண்டு. எனவே படகின் நீளத்துக்கும் பாரத்துக்கும் போதுமான எஞ்சினை வாங்குங்கள். வேகத்தைச் சற்றுக் குறைத்து ஓட்டினாலே எண்ணெய் நன்றாக மிச்சமாகும்.

எஞ்சின் தண்டில் குட்டை, நெட்டை என இரு வகை உண்டு. ஏறக்குறைய 15 அங்குல உயரமான பின்பலகைக்குக் குட்டைத் தண்டு, 20 அங்குலத்துக்கு நெட்டைத் தண்டு. உயரமான பலகையில் குட்டைத் தண்டைப் பூட்டினால் விசிறி நீருக்கு மேலே வந்து காற்றில் சுற்றும், எண்ணெய் வீணாகும். அளந்து பார்த்து வாங்குங்கள்.

உயிர்காப்பு அங்கிகளையும் படகின் விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள். போகிறவர் எத்தனை பேரோ அத்தனை அங்கி. 2020 டிசம்பர் 2 ஆம் திகதி இரவு புரெவிப் புயல் முல்லைத்தீவுக்கும் திருகோணமலைக்கும் இடையே கரை கடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். வளிமண்டலவியல் திணைக்களம் கடலுக்குப் போக வேண்டாம் என்று அறிவித்தால், படகின் உரிமையாளர் என்ற முறையில் "இண்டைக்குப் போக வேண்டாம்" என்று சொல்லும் பொறுப்பும் உங்களுடையது.

யாருடைய பெயரில்?

முல்லைத்தீவு மாவட்டத்துக் கரையோரக் கிராமம் ஒன்றில் ஓர் அக்காவைச் சந்தித்தேன். கணவர் போரில் இறந்துவிட்டார். மூன்று பிள்ளைகள். கடன் எடுத்துப் படகு வாங்கினார். "பொம்பிளை கந்தோருக்கெல்லாம் அலைய வேண்டாம்" என்று சொல்லிக் கணவரின் தம்பி தன் பெயரில் பதிந்தார். ஒன்றரை வருடம் ஒழுங்காகப் பங்கு வந்தது. பின்னர் அவர் கலியாணம் முடித்து வேறு ஊருக்குப் போனபோது படகும் போயிற்று. "கடன் மட்டும் என்ர பேரில, தங்கச்சி. படகு அவற்ற பேரில" என்றார் அந்த அக்கா. அவர் அழவில்லை. கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டே சொன்னார்.

1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில் நீரியல் வளங்கள் சட்டத்தின்படி மீன்பிடிப் படகு பதியப்பட வேண்டும். தொழில் செய்ய உரிமமும் வேண்டும். உரிமையாளர் ஆணா பெண்ணா என்று சட்டம் பார்ப்பதில்லை. உங்கள் பிரதேசத்துக் கடற்றொழில் பரிசோதகரை நீங்களே நேரில் சந்தியுங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் மாதர் சங்கத் தோழி ஒருவரோடு போங்கள். படகின் ரசீது, எஞ்சினின் ரசீது, பதிவு, காப்புறுதி என்ற நான்கிலும் உங்கள் பெயரே இருக்க வேண்டும். எஞ்சின் இலக்கத்தைக் கொப்பியில் எழுதி வையுங்கள். பழைய படகானால், படகில் எழுதியிருக்கும் பதிவு இலக்கமும் பத்திரத்தில் உள்ள இலக்கமும் ஒன்றா என்று பார்த்து, பெயர் மாற்றம் முடிந்த பின்னரே முழுப் பணத்தையும் கொடுங்கள்.

பங்குப் பிரிப்பு ஊருக்கு ஊர் வேறுபடும். எண்ணெய்ச் செலவு யாருடையது, வலை அறுந்தால் யார் பொறுப்பு, எஞ்சின் பழுதானால் யார் திருத்துவது ஆகியவற்றை முதல் நாளே கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் முன்னிலையில் எழுதிக் கையொப்பமிடுங்கள். சொந்தக்காரர்தானே, எழுதினால் மனம் நோகும் என்று விடாதீர்கள். எழுதி வைத்தால் பின்னாளில் உறவும் முறியாது.

வாடைக் காலத்தையும் எண்ணுங்கள்

கடைசியாக ஒரு விடயம். கிழக்குக் கடல் வாடைக் காலத்தில் பெருக்கும். கார்த்திகை, மார்கழி மாதங்களில் படகு கரையில் கிடக்கும் நாட்கள் அதிகம். தீவகம், மன்னார்ப் பக்கம் சோழகக் காலத்தில் அப்படி. கடல் வாரந்தோறும் சம்பளம் தருவதில்லை. நுண்கடன் கொடுப்பவர் வாரந்தோறும் வாசலுக்கு வருவார். வாராந்தத் தவணைக் கடனில் படகு வாங்கிய பலர் தவணை கட்டுவதற்காக இன்னொரு கடன் எடுத்ததைக் கண்டிருக்கிறேன். கடன் எடுக்கத்தான் வேண்டுமென்றால், தொழில் இல்லாத மாதங்களில் தவணையைக் குறைத்தோ நிறுத்தியோ கட்ட இடம் தரும் சங்கத்தையோ வங்கியையோ நாடுங்கள். நல்ல மாதத்தில் ஒவ்வொரு பாட்டிலும் ஒரு சிறு தொகையை வாடைக்கென்று ஒதுக்குங்கள். படகு கரையில் கிடக்கும் காலத்தில் கிடுகால் மூடி வெயில் படாமல் வைத்து, சிறு வெடிப்புகளை அப்போதே அடைத்துவிடுங்கள். பைபரைத் தேய்க்கும்போது பறக்கும் தூள் சுவாசத்துக்குக் கேடு. மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். பிள்ளைகளை அருகில் விட வேண்டாம்.

எமது கரைகளில் படகுக்கும் வலைக்கும் உரிமையாளரைச் சம்மாட்டி என்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் ஓர் ஆணின் முகமே எமக்கு நினைவுக்கு வருகிறது. படகைத் தட்டிப் பார்த்து, அளந்து பார்த்து, கணக்கெழுதி, தன் பெயரில் பதிந்து, காற்று மாறினால் போக வேண்டாம் என்று தடுக்கவும் தெரிந்த பெண்ணும் சம்மாட்டியே. அடுத்த மாதர் சங்கக் கூட்டத்துக்குப் போகும்போது, படகு வாங்க நினைத்திருக்கும் சகோதரிக்கு இதை வாசித்துக் காட்டுங்கள். ஏற்கெனவே வாங்கியவர்கள் வீட்டுக்குப் போனதும் பதிவுப் பத்திரத்தை எடுத்து, அதில் யாருடைய பெயர் இருக்கிறது என்று ஒரு தடவை பாருங்கள்.